அப்பா வழி

நாள் 212. காலை 07.40
வெளி வெப்பநிலை மைனஸ் 71. காற்று மிதம். சூரியத் தகடுகள் முழுத்திறனில்.
இந்தப் பதிவுகளைத் திறப்பவர் யாராக இருந்தாலும்: நான் பிலவேந்திரன், நிலவியலாளர், வயது ஐம்பத்து நான்கு. செவ்வாயின் வடபனி நிலையத்தில் தனியாக இருக்கிறேன். உடனிருந்த இருவரும் போன கப்பலில் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த கப்பல் வர ஏழு மாதம் ஆகும்.
இன்று ஆய்வுக்காகத் தரைக்கடியிலிருந்து புதிய பனித்தண்டு ஒன்றை வெட்டியெடுத்தேன். துரப்பணக் கருவியில் கோளாறு இல்லை.
இதயத்துடிப்பு உணரியை நெஞ்சில் ஒட்டும்போது இடது மார்புக் காம்புக்குக் கீழே ஒரு கட்டி கையில் பட்டது. கல்போல் இருக்கிறது, வலி இல்லை. இயந்திரக் கை ஊசியால் திசு எடுத்தது.

நாள் 215. மாலை 16.10
முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோய். ஆண்களுக்கும் வரும், அரிதாக. இரத்தத்தையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பூமியிலிருந்து மருத்துவர் சங்கரவடிவின் குரல்:
"சார், இது பரம்பரையா வர்ற மரபணு மாற்றம். உங்க குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கணும். உங்களத் தேர்ந்தெடுத்தப்ப எங்க கேள்வியில அம்மா, அப்பா, கூடப்பிறந்தவங்க மட்டும்தான் இருந்துச்சு. அப்பாவோட கூடப்பிறந்தவங்களப் பத்தி யாரும் கேக்கல."
அப்பாவுக்கு இரண்டு தங்கைகள். மூத்தவருக்கு மார்பில் புற்று, இளையவருக்குச் சினைப்பையில். இருவரும் ஐம்பதைத் தொடவில்லை. அது பெண்களின் நோய், அத்தைமாரோடு போயிற்று என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். அப்பா முப்பத்தொரு வயதில் கடலில் மூழ்கிப் போனார். அவர் உடம்பில் இருந்தது வெளியே தெரிய அவருக்கு வயதே ஆகவில்லை.

நாள் 216. காலை 09.00
சங்கரவடிவு மறுபடியும் பேசினார்:
"உங்க பொண்ணுக்கு இது போயிருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்ல. ஆனா முன்னாடியே தெரிஞ்சா அடிக்கடி பரிசோதிச்சு ஆரம்பத்துலயே புடிச்சிரலாம், தடுக்கவும் வழி இருக்கு. உங்க அனுமதி இல்லாம நாங்க அவங்ககிட்ட சொல்லக்கூடாது. நீங்க சொல்றீங்களா, நாங்க சொல்லட்டுமா?"
நானே சொல்கிறேன் என்று பதில் அனுப்பினேன். மாத்திரைகளைத் தொடங்கினேன்.

நாள் 219. மதியம் 12.30
மகள் பெனிட்டாவின் வாராந்திரச் செய்தி. தூத்துக்குடி வீட்டின் மாடியில் நின்று பேசுகிறாள், பின்னால் காக்கைச் சத்தம்.
"அப்பா, அஞ்சாம் மாசம் ஸ்கேன் எடுத்தாச்சு. பிள்ள நல்லா இருக்கு. அம்மா இப்பவே தொட்டில் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. நீங்க சாப்பிடுதீங்களா? முகம் வாடுன மாதிரி தெரியுது."
பதிலுக்கு நாற்பது நிமிடம் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பேசியது பனித்தண்டைப் பற்றி, தொட்டிலைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி. குழந்தை பிறக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.
சிரித்துக்கொண்டு வேறு பேசினேன். பயந்தது அவளுக்காகவா, அவள் என்னைப் பார்க்கப் போகும் பார்வைக்காகவா, தெரியவில்லை.

நாள் 226. காலை 08.15
தெற்கிலிருந்து தூசிப்புயல். தகடுகளின் திறன் பாதிக்கும் கீழே. இந்த வாரமும் சொல்லவில்லை.

நாள் 229. காலை 10.50
பெரிய அலைவாங்கியைத் திருப்பும் மோட்டார் தூசியில் இறுகிவிட்டது. பூமியோடு தொடர்பு அறுந்தது.
கையில் பதின்மூன்று நாள் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. நான் சொல்கிறேன் என்று தடுத்து வைத்ததால் மருத்துவரும் சொல்லமாட்டார். இரண்டு பேர் வாயையும் நானே அடைத்து வைத்திருக்கிறேன்.

நாள் 233. மதியம் 13.20
வெளியே போனேன். இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. அக்குளில் புதிதாக ஒரு முடிச்சு. மோட்டார் மூடியைக் கழற்ற முடிந்தது, பற்சக்கரம் உடைந்திருக்கிறது. மாற்று இல்லை.
சின்ன அத்தை ஞாபகம் வந்தது. கடைசி மாதங்களில் வயிறு வீங்கிக் கிடந்தபோது, "யாருக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு அது கொடுக்கப்பட்டது. எனக்கும் அப்படித்தான். இது புத்திக்குத் தெரிகிறது. ஆனால் பெனிட்டாவுக்கு என் மூக்கு, என் நெற்றி. பிறந்த அன்று அதைப் பார்த்து ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

நாள் 236. காலை 11.00
அவசரத்துக்கான சிறிய அலைவாங்கி வேலை செய்கிறது. மின்சாரத்தைக் குடிக்கிறது. ஆய்வறையின் சூட்டை நிறுத்தி, படுக்கையறைக்குள் முடங்கிக்கொண்டு அனுப்பினேன்:
"பெனி, எனக்குப் புற்றுநோய். நம்ம குடும்பத்துல அப்பா வழியா வர்றது. உனக்கும் இருக்கலாம். உடனே பரிசோதனை செய்மா. முன்னாடியே தெரிஞ்சும் சொல்லல. பயந்துட்டேன். மன்னிச்சிரு."

நாள் 237. மாலை 15.45
பதில் வந்தது. குரல் உடைந்து உடைந்து ஒலித்தது. நான்கு முறை கேட்டு எழுதிக்கொண்டேன்.
"அப்பா... எனக்கு முன்னாடியே தெரியும். நீங்க பயிற்சியில இருந்தப்ப, உங்க அத்தை மக லூர்து சித்தி ஆஸ்பத்திரியில கிடந்தாங்கள்லா. அது மார்புப் புத்துநோய்னு உங்களுக்குத் தெரியாம வச்சிட்டேன். சொந்தத்துல எல்லாரும் பரிசோதிக்கணும்னு டாக்டர் சொன்னாரு. நான் போயி எடுத்தேன். எனக்கு இருக்கு. அம்மாவுக்கு இல்ல. அப்ப உங்ககிட்ட இருந்துதான வந்திருக்கணும். சொன்னா உங்கள அனுப்பமாட்டாங்க. இருபது வருசமா அந்த ஒரு ஆசையில இருந்தீங்க. அதான் வாய மூடிட்டேன். அங்க கதிர்வீச்சு ஜாஸ்தின்னு தெரியும்ப்பா. தெரிஞ்சேதான் அனுப்புனேன். நான் வருசாவருசம் ஸ்கேன் எடுக்கேன், எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களத்தான் நான்..."
அதற்கு மேல் அழுகை. பிறகு இரைச்சல்.

நாள் 238. காலை 08.00
அவள் தப்பித்துக்கொள்வாள். கண்காணிப்பில் இருக்கிறாள். அந்த ஒரு நிம்மதியில் இரண்டு மணி நேரம் அப்படியே படுத்திருந்தேன்.
பிறகுதான் உறைத்தது. வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி, அப்பாவை நான்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்திதான் அவளை அங்கே உட்கார வைத்தது.
மின்கலம் 19 சதவீதம். தூசி அடங்கவில்லை. அனுப்பிப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது.

நாள் 241. கடிகாரம் ஓடவில்லை
மின்கலம் 6. படுக்கையறைச் சூட்டை அணைத்தால் ஒருமுறை அனுப்பலாம். அணைத்துவிட்டேன்.
விரல் மடங்கவில்லை. எழுத்து தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.
அனுப்புவது இவ்வளவுதான்: "பெனி, உன் மேல தப்பே இல்ல. நீ சொல்லியிருந்தாலும் நான் எப்படியாவது வந்திருப்பேன். பிள்ளையப் பாரு."
நடுவில் உள்ளது பொய். அவள் சொல்லியிருந்தால் அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். தொட்டில் வாங்கப் போயிருப்பேன்.
இதைப் படிப்பவரே, மற்ற பதிவுகளை அவளிடம் கொடுங்கள். இந்த ஒன்றை மட்டும் அழித்துவிடுங்கள். அவள் கேட்டால், அப்பா கடைசிவரை சந்தோ
அனுப்பும் விளக்கு எரிகிறது. போகிறது. போய்க்கொண்டிரு