சீர்வரிசையில் ஒரு ஸ்நேர்

உன் மகளின் கல்யாணம் இன்று முடிந்தது. முதுநகர் மாதா கோயிலில் தாலி கட்டிவிட்டு மண்டபத்துக்கு வந்தோம். மாப்பிள்ளை வீட்டார் சீர்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் சரவெடி வெடித்தது. அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாம் சும்மா இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும் 'சர்ர்ர்' என்று சிலிர்த்தது. அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்கு உன் கைதான் ஞாபகம் வரும்.

மாப்பிள்ளையின் பெரியம்மா குனிந்து பார்த்தார். "இன்னாது இது, பித்தளையில? எங்க புள்ள டிரம்ஸெல்லாம் வாசிக்காதே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் மனைவி சிரிக்கவில்லை. "வாசிக்க வேணாங்க. சும்மா ஒரு மூலையில இருக்கட்டும்" என்றாள்.

உன்னை நான் முதலில் பார்த்தது கச்சேரியில் அல்ல, அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில். நான் குற்றச் செய்திகள் எழுதத் தொடங்கியிருந்த காலம். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை பார்த்த உன் அப்பா, அந்த வேலைக்கு வைத்திருந்த கட்டையாலேயே உன் அம்மாவின் தாடையை உடைத்திருந்தார். நீ சுவரில் சாய்ந்து நின்றிருந்தாய். என்ன நடந்தது என்று கேட்டேன். "அம்மா கத்தவேயில்ல சார். அடி விழுந்த சத்தம் மட்டுந்தான். காஞ்ச மட்டைய முறிச்ச மாதிரி" என்றாய். எத்தனையோ சாட்சிகளிடம் பேசியிருக்கிறேன். ஆளைச் சொல்வார்கள், நேரத்தைச் சொல்வார்கள். முதலில் சத்தத்தைச் சொன்னவன் நீ ஒருவன்தான்.

நீ மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன் என்று பிறகு தெரிந்தது. சார் என்று அழைத்தவன் மச்சான் என்று அழைக்க ஆரம்பித்தாய். நான் கச்சேரிகளுக்கு வந்து மேடைக்குப் பக்கவாட்டில் நிற்பேன். டிரம்ஸ் செட்டில் இரண்டு முட்டிக்கும் நடுவில் நிற்கும் சின்ன மேளத்தைக் காட்டி, இதுதான் ஸ்நேர் என்று சொல்லிக்கொடுத்தாய். மேல்தோலில் குச்சி விழுந்தால் அடித்தோலை ஒட்டி இழுத்துக் கட்டிய கம்பிகள் அதிரும். அந்த அதிர்வுதான் அதன் குரல்.

மற்ற மேளங்களை நீ வருஷக்கணக்கில் மாற்றியதில்லை. ஸ்நேர் மட்டும் உன்னிடம் நிலைக்கவில்லை. ஒன்றின் தோல் கிழிந்தது. ஒன்றில் திருகாணிகள் கழன்று விழுந்தன. ஒன்றின் விளிம்பே கோணிப்போனது. "பலமா ஒண்ணு வெச்சா இதுக்கு மூச்சு முட்டுது மச்சான், வாய மூடிக்குது" என்று திட்டுவாய். ஒத்திகையில் ஒருநாள் குழுவை நடத்தியவர் கீபோர்டிலிருந்து திரும்பி, "டேய், அது மேளம்டா, உங்கப்பன் இல்ல" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ சிரித்தாயா என்று நான் பார்க்கவில்லை.

உன் மகள் நடக்கத் தொடங்கியிருந்த சமயம். ஒரு மத்தியானம் மஞ்சக்குப்பத்தில் என் அலுவலக வாசலில் வந்து நின்றாய். வலது கையை இடது அக்குளுக்குள் செருகி வைத்திருந்தாய், அடிபட்ட கையைப் போல.

"அடிச்சிட்டேன் மச்சான்."

"யார?"

"அவள."

குழந்தை ஸ்நேர்மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டது, அதைப் பார்த்து உன் மனைவி சிரித்தாள், அதற்குத்தான் அடித்தாய். தோடு காதைக் கிழித்துக்கொண்டு தெறித்தது. ரத்தம் கழுத்தில் வழிய அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கியிருக்கிறாள். இதையெல்லாம் நீ தலை குனிந்துதான் சொன்னாய். அதற்கு அடுத்து இதைச் சொன்னாய். "சத்தம் அவ்ளோ சுத்தமா வுழுந்துச்சு மச்சான். நான் இத்தினி வருஷமா மேளத்துல தேடின சத்தம். எங்கப்பன் கை சத்தம்."

நான் ஆறுதல் சொல்லவில்லை. "இன்னொரு தடவ நடந்தா நானே ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன்" என்றேன்.

"குடு" என்றாய்.

அவள் குழந்தையோடு மேல்பட்டாம்பாக்கத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு நீ ஸ்நேர் தேடிய விதமே மாறிப்போனது. நல்ல நாதம் வேண்டாம், முழு அடியையும் வாங்கிக்கொண்டு உடையாத ஒன்று வேண்டும் என்றாய். கையில் இருப்பதை எல்லாம் அதில் இறக்கிவிட்டு வெறும் கையோடு வீட்டுக்குப் போகலாம் என்பது உன் கணக்கு. பாண்டிச்சேரிக் கடைகளில் நீ அடித்துப் பார்த்த அடியில், இரண்டு இடத்தில் நம்மை வெளியே போகச் சொன்னார்கள்.

கடைசியில் சிதம்பரத்துக்குப் போனோம். தெற்கு வீதியை ஒட்டிய சந்தில் மைக்செட் வாடகைக்கு விடுபவர் ஒருவர், கலைந்துபோன குழுவொன்றின் மேளங்களை வைத்திருந்தார். தரையில் மூன்று ஸ்நேர்களை எடுத்து வைத்தார். இரும்பு உடம்புள்ளது தட்டைப் போட்டது போல ஒலித்தது. மரத்தில் செய்தது இனிமையாகப் பேசியது, முழு அடியில் தோல் பிய்ந்தது. பித்தளையை நீ கடைசியாக எடுத்தாய். முதல் அடியிலேயே அலமாரியில் இருந்த மைக்குகள் உருண்டன. எதிர்வீட்டு ஆள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். தோல் கிழியவில்லை, குரல் அடைக்கவில்லை. நீ மூச்சு வாங்க அடித்துக்கொண்டே இருந்தாய்.

"யோவ், மெதுவாய்யா! பொண்டாட்டி ஓடிப்போன மாதிரியில்ல அடிக்கிற!" என்றார் மைக்செட்காரர்.

அவருக்கு ஒன்றும் தெரியாது, வேடிக்கையாகச் சொன்னார். நான் எழுவதற்குள் அவர் சட்டை உன் இடது கையில் இருந்தது. பொத்தான்கள் அறுந்து தரையில் சிதறின. அவர் தலை சுவரில் மோதியது. வலது முஷ்டியை ஓங்கிக்கொண்டு, "இன்னாடா சொன்ன!" என்று கத்தினாய்.

உன் காலடியில் பித்தளை மேளம் 'சர்ர்ர்' என்றது.

நீ அப்படியே நின்றுவிட்டாய். மற்ற இரண்டிலும் கம்பிகள் தளர்ந்து கிடந்ததால் அவை பேசவில்லை. இது மட்டும் உன் குரலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. நீ கீழே பார்த்து "ஏய்" என்றாய். சர் என்றது. இன்னும் மெதுவாக "ஏய்" என்றாய். பேசாமல் இருந்தது. பிடி தளர்ந்தது. மைக்செட்காரர் கழுத்தைத் தடவிக்கொண்டே, தொழில் மறக்காமல், "அது கோளாறு இல்லப்பா. சைடுல லிவர் இருக்கு பாரு, தட்டிவுட்டா கம்பி எறங்கிடும். வாசிக்காதப்ப எல்லாரும் தட்டிதான் வெப்பாங்க" என்றார்.

"தட்ட வேணாம். இதாண்டா மச்சான்" என்றாய், அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு நேராக மேல்பட்டாம்பாக்கம் போனாய். குரல் ஏறினால் இது காட்டிக்கொடுத்துவிடும் என்று நீ சொன்னதை உன் மனைவி வாசற்படியில் நின்றே கேட்டாள். காதில் தையல் தெரிந்தது. "மேளத்த நம்பி நான் வரணுமா? என் உசுர அதுகிட்ட குடுக்கணுமா?" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள்.

வெகுநாள் கழித்துத்தான் வந்தாள், தன் நிபந்தனையோடு. கச்சேரி இல்லாத நாட்களில் மேளம் கூடத்து மூலையில் இருக்கும், லிவரை யாரும் தொடக் கூடாது. என்னிடம் அவள் சொன்னது இது: "அவர்மேலயும் நம்பிக்க இல்ல, அதும்மேலயும் நம்பிக்க இல்லண்ணே. அது சத்தம் போட்டா நான் புள்ளயத் தூக்கிட்டு தெருவுக்கு வந்துடுவேன். எனக்கு அது போதும்." சில தடவை அப்படித் தெருவுக்கு வந்தும் இருக்கிறாள். நீ உள்ளே மேளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாயாம். உன் கை பிறகு அவள்மேல் விழவில்லை. இதை உன்னைக் கேட்டு எழுதவில்லை, அவளைக் கேட்டு எழுதுகிறேன்.

நெல்லிக்குப்பம் பக்கத்து ஊர்த் திருவிழா உனக்கு மறந்திருக்காது. எந்தத் தெருக்காரன் கேட்ட பாட்டை முதலில் பாடுவது என்று கீழே தகராறு. சண்டை வந்தால் வாசிப்பை நிறுத்தக் கூடாது என்பது கச்சேரிக்காரர்கள் வழக்கம். நிறுத்தினால் கூட்டம் மொத்தமும் சண்டைப் பக்கம் திரும்பும். நாற்காலிகள் பறந்தன. ஒருவனைக் கீழே தள்ளி டியூப்லைட்டால் முகத்தில் அடித்தார்கள். மேடையை நோக்கி வந்த கருங்கற்களில் ஒன்று மேளத்தின் உடம்பில் பட்டது, இன்னொன்று உன் புருவத்தைப் பிளந்தது. கல் வீசியவன் மேடை ஓரத்தில் நின்று, "எறங்கி வாடா பொட்ட!" என்று கூப்பிட்டான். நீ எழவில்லை. ரத்தம் மேளத்தின் தோல்மேல் சொட்ட, ஒவ்வொரு அடிக்கும் அது தெறித்துப் பாடகியின் புடவையில் புள்ளி வைத்தது. அவனையே பார்த்துக்கொண்டு, அவனுக்கு விழவேண்டிய ஒவ்வொன்றையும் மேளத்துக்குக் கொடுத்தாய். போலீஸ் தடியோடு இறங்கும்வரை கொடுத்தாய். தையல் போடும்போது என்னிடம், "எழுந்திருந்தா அவன கொன்னுருப்பேன் மச்சான்" என்றாய். நான் நம்பினேன்.

போன வருஷம் உன் நெஞ்சு நின்றது. உன் உடம்பைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். பெண்கள் அலறியபோதெல்லாம் மூலையில் மேளமும் சிலிர்த்தது. யாரோ அதை வெளியே வைக்கச் சொன்னார்கள். "இருக்கட்டும்" என்றாள் உன் மனைவி. உன் அப்பா தள்ளாடி வந்தார், வாயில் சாராய வாடை. கோணல் தாடையோடு உன் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த உன் அம்மாவைப் பார்த்து, "ஏண்டி, எவ்ளோ நேரமா கூப்புடறேன்!" என்று கத்திக் கையை ஓங்கினார். மேளம் சர்ர்ர் என்றது. உன் மனைவி எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அத்தனை பேர் முன்னால், குரலை உயர்த்தாமல், "மாமா, வெளிய போங்க" என்றாள். போனார். உன் அம்மா அன்றிலிருந்து மருமகளோடுதான் இருக்கிறார்.

இன்று மாப்பிள்ளையின் ஊரான சிதம்பரத்துக்கு வேன் கிளம்பும்போது, மேளத்தைப் பாத்திரங்களோடு ஏற்ற உன் மகள் விடவில்லை. என் மடியில் வைத்தாள். "லிவர்ல கை பட்டுடாம பாத்துக்குங்க மாமா."

வழி நெடுக ஒவ்வொரு லாரி ஹாரனுக்கும் அது என் தொடைமேல் அதிர்ந்தது. கல் பட்ட பள்ளத்தில் என் கட்டைவிரல் பொருந்தி உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில், அவள் காட்டிய மூலையில் இறக்கி வைத்தேன். ஒரு கணம்கூட ஆகியிருக்காது, மாப்பிள்ளையின் அப்பா சமையல்கட்டைப் பார்த்து, "எவ்ளோ நேரம்டி ஒரு சொம்பு தண்ணிக்கு!" என்று குரல் கொடுத்தார்.

மேளம் பதில் சொன்னது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இன்னாங்க அது?"

"ஒண்ணுமில்லீங்க. அதுக்குக் காது கேக்கும்" என்றேன்.

உன் மகள் மேளத்தைப் பார்க்கவில்லை. வாசல் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டாள். வேனில் திரும்பி வருகிறேன். மடி காலியாக இருக்கிறது, தொடை இன்னும் அதிர்கிறது.