நீ மறைத்துவைத்த எண்

என் பிடிவாதக்கார அண்ணனுக்கு,

நீ போய் ஓராண்டு ஆகப்போகிறது. பாறசாலை வீட்டில் உன் மேசையை, உன்னைக் கட்டிய மைனி இன்னும் தினமும் துடைத்துவைக்கிறாள்.

நாம் இருவரும் செய்தது ஒரே வேலைதான்: அணு உலைக்குள் நடப்பதை, உலையைத் தொடாமல் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது. உலையைக் குளிர்விக்கும் நீரின் சூட்டைச் சொல்லும் நிரலை நீ உன் ஆய்வுக்கூடத்தில் இருபது ஆண்டு தனியாக எழுதினாய். நானோ, ஆளுக்கொன்றாக எழுதிவைத்த நிரல்களை எல்லாரும் பயன்படுத்தும்படி ஒரே பொதுத்தளத்தில் சேர்க்கும் குழுவில் இருக்கிறேன். உன்னுடையதைக் கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது.

"எனக்க புரோகிராமை ஊருக்குக் குடுத்தா நாலுபேரு சேந்து அவியல் ஆக்கிப்போடுவினும்" என்பாய். கடைசியாக நெய்யாற்றின்கரைக்கு என் வீட்டுக்கு வந்த அன்றும் அதே சண்டை. "வாறேன்" என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனாய். நானும் கூப்பிடவில்லை. அந்த வாரமே காரக்கோணம் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே நின்றேன். நீ கண் திறக்கவில்லை.

ஆய்வுக்கூடம் சம்மதித்த பிறகு உன் நிரலைத் திறந்தேன். நடுவில், எதற்கென்றே விளங்காமல் ஓர் எண்ணால் பெருக்கியிருந்தாய். அதன் மேல் உன் குறிப்பு: "இது ஏன் வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எடுத்தால் விடை சோதனையோடு ஒத்துவரவில்லை. யாரிடம் கேட்பது?"

தெரியாது என்ற சொல்லை உன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லையே! இதற்காகவா அத்தனை வீறாப்பு? என்னிடம் கேட்டிருக்கலாமே, அண்ணா.

மைனியிடம் சொன்னேன். "மக்கா, அந்தக் குறிப்பை மாய்ச்சு அழிச்சிரு. செத்த மனுசனைப் பாத்து ஆளுவ சிரிக்கப்பிடாது" என்றாள்.

"மாய்ச்சா, ஏன்னு தெரியாத எண்ணை நம்பி ஒருத்தன் உலைக்குக் கணக்குப் போடுவான். அது ஆபத்தாக்கும், மைனி."

வெகுநேரம் அழுதாள். பிறகு, "அப்போ அவருக்க பேரையும் சேத்துப் போடு" என்றாள்.

குறிப்போடும் உன் பேரோடும் பொதுத்தளத்தில் போட்டேன். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்று மூன்று நாள் அந்தப் பக்கத்தையே திறந்து திறந்து பார்த்தேன். முந்தாநாள், முகம் தெரியாத ஒருவர் வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து எழுதியிருக்கிறார்: "எங்கள் நிரலிலும் இப்படி ஓர் எண் உண்டு. வெட்கப்பட்டு மறைத்துவைத்திருந்தோம். சேர்ந்து தேடலாமா?"

தேடத் தொடங்கிவிட்டோம், அண்ணா. காரணம் கிடைக்கும் நாளில் உன் குறிப்புக்குக் கீழே பதிலை எழுதுவேன். உன் கேள்வியை அழிக்கமாட்டேன், யாரையும் அழிக்க விடவும் மாட்டேன்.

சண்டைக்கு ஆளில்லாமல் போன
உன் தங்கை