வாளியில் கொண்டுபோன காற்று

அன்புள்ள மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். இங்கே மூன்று பேர் நலம், உன் தம்பி சுண்டெலி மட்டும் முக்கால் நலம், நீ முழு நலம்தானா என்று உடனே எழுது. என் வலது மணிக்கட்டு பிசகிவிட்டது, பயப்படாதே, ஸ்டூலில் ஏறித் துணி கட்டும்போது வழுக்கியது. (அண்ணா, அம்மா மூச்சு விடாமல் சொல்கிறாள். இந்த வீட்டில் மூச்சு விடாமல் இருக்க அவளுக்கு மட்டும்தான் அனுமதி.)

சுண்டெலிக்கு இந்த வருஷம் இளைப்பு அதிகம். ஏழு வயதுப் பிள்ளை மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துகொண்டு மேலே இருப்பவர்களைக் கீழே வரச் சொல்கிறான். பள்ளிக்கூடச் சுவரை ஒட்டித்தான் பஸ்கள் நிற்கும், உனக்குத் தெரியுமே, ஆள் நிரம்பும்வரை என்ஜினை அணைப்பதே இல்லை, இவன் வகுப்பு ஜன்னல் அதற்கு நேர் மேலே. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் பையில் சாப்பாட்டு டப்பாவோடு இன்ஹேலரும் இருக்கிறது. பஸ் டிப்போ மேலாளரிடம் போய்ச் சொன்னால், புகையா, எங்கேம்மா புகை, என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே என்கிறார். (அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வருஷக்கணக்காகிறது.) சரி, தெரிய வைப்போம் என்று நாங்கள் அம்மாக்கள் சேர்ந்து ஒரு வெள்ளை விரிப்பை அந்தச் சுவரில் கட்டினோம். ஒரு மாதத்தில் அது அடுப்படிக் கைப்பிடித் துணி மாதிரி ஆகிவிட்டது. போக்குவரத்து அதிகாரி பள்ளிக்கே வந்து பார்க்கிறேன் என்றதும், அவர் மேஜைமேல் விரித்துக் காட்டலாம் என்று முதல் நாளே அதை அவிழ்த்துச் சுருட்டி நம் சலவைக் கடை மூலையில் வைத்தேன். எங்கே வைத்தேன் பார், சலவைக் கடையில்! அழுக்குத் துணியைக் கண்டால் உன் அப்பாவின் கை சும்மா இருக்குமா? காலையில் நான் போவதற்குள் தனி வாளியில் ஊறவைத்து, கசக்கி, தேய்த்து, மடித்து, பாத்தியா, புதுசாட்டம் ஆக்கிட்டேன் என்று பெருமையாக நீட்டுகிறார். (அப்பா துணியை வெளுத்தார், அம்மா அப்பாவை வெளுத்தாள்.)

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உன் தங்கைதான் அந்த வாளி இன்னும் கொட்டாமல் இருப்பதைப் பார்த்து, அழுக்கு எங்கேயும் போகலம்மா, இடம்தான் மாறியிருக்கு என்றாள். பாவம் உன் அப்பா, வாளியைத் தூக்கிக்கொண்டு கால்சட்டையெல்லாம் நனைய பள்ளிக்கு நடந்து வந்து அதிகாரியின் மேஜைமேல் வைத்தார். மை கலக்கிக் கொண்டு வந்தீங்களா என்று கேட்டார் அதிகாரி. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, மை இல்லைங்க, உங்க பஸ்ஸுங்க விட்ட புகை, துணியில ஒட்டினதைக் கழுவிக் கொண்டு வந்துட்டோம், பிள்ளைங்க நெஞ்சுல ஒட்டினதை எதுல கழுவறது என்று கேட்டுவிட்டேன். அதிகாரியோடு வந்திருந்த மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேடிக்கை பார்க்க வந்த ஓட்டுநர் ஒருவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார், திரும்பிப் போய்ச் சாவியைத் திருகி என்ஜினை அணைத்தார். அடுத்தவரும் அணைத்தார், அதற்கடுத்தவரும். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது தெருவரைக்கும் கேட்டது. இனி நிற்கும் பஸ்கள் என்ஜினை அணைக்க வேண்டும் என்று உத்தரவு, ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம். அதே விரிப்பை மறுபடி கட்டியிருக்கிறோம், உன் அப்பா அந்தப் பக்கம் போகவே தடை.

நீயும் லாரி ஓட்டுகிறவன். சரக்கு இறக்கக் காத்திருக்கும்போது என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அணைத்துவிடு கண்ணா, கொஞ்சம் வேர்த்தால் வேர்க்கட்டும். அங்கேயும் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருக்கும், அதற்குள் யார் வீட்டுச் சுண்டெலியோ இருக்கும். வேளைக்குச் சாப்பிடு. நெஞ்சு நிறைய மூச்சிழுத்து நெடுநாள் நன்றாயிரு.

இடது கையால் கையெழுத்திடும்,
உன் அம்மா

(அண்ணா, சுண்டெலி இன்று படி முழுக்க ஏறி வந்து என் மிட்டாயைத் திருடிவிட்டான். துரத்தினேன், ஓடினான். ஓடினான், அண்ணா!)