தூளி அறைச் சாவி

1939 பிப்ரவரி 9
பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்து, பருத்தி அரைக்கிற மிஷின்களில் நிற்கும் பெண்களை எண்ணினார். ஐம்பத்துமூன்று. ஐம்பதைத் தாண்டினால் அவர்கள் பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டுமாம். காற்று, வெளிச்சம், பார்த்துக்கொள்ள ஒரு ஆயா. அவர் பார்த்து ஒப்பினால்தான் ஆலை ஓட்ட அனுமதிச் சீட்டு.
கருப்பண்ணன் மேஸ்திரி சிரித்தான். "மூணு பொம்பளைய நிறுத்திப் போட்டா ரூலே ஒழிஞ்சுதுங்களே, மொதலாளி!"
மூன்று பேர் போனால் ஒரு மிஷின் நிற்கும். அதற்கு அறையே மேல்.

பிப்ரவரி 23
மேல்புற அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, எட்டுத் தூளி கட்டியாயிற்று. ஆயா என்று மேஸ்திரியின் கொழுந்தியா பெயரை எழுதிக்கொண்டோம். அவள் வந்தால் வருவாள்.
"ஏனுங்க, நான் பாத்துக்கட்டுங்களா?" என்றாள் சௌந்திரம். "மொதலாளி ஊட்டுக்காரி கூலிக்காரி பிள்ளைக்குப் பீ அள்ளறதா?" என்று சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று பெற்று மூன்றையும் மண்ணில் வைத்தவள். சிரித்திருக்க வேண்டாம்.

மார்ச் 2
சீட்டு வந்துவிட்டது. கண்ணாடி போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

ஏப்ரல் 18
கோடை மழை பிடித்துக்கொண்டது. கிடங்கு ஒழுகுகிறது. ஒழுகாத கூரை தூளி அறைக்கு மட்டும்தான். தூளிகளை அவிழ்த்துவிட்டுப் அழுத்திக் கட்டிய பஞ்சுப் பேல்களை அடுக்கிப் பூட்டினேன். சாவி என் அரைஞாணில். நாலு நாளைக்குத்தான்.
"பிள்ளைகள எங்கீங்க போடறது, சாமி?" என்று பாப்பாயி கேட்டாள். பத்து மாதக் கைக்குழந்தைக்காரி.
"முன்னே எங்க போட்டீங்களோ அங்க."
முன்னே என்றால் அரைக்காத பருத்திக் குவியலில். மெத்தென்று இருக்கும், குளிர் தெரியாது. வண்டியோட்டிக்கொண்டிருந்த காலத்தில் நானும் அதில் படுத்துத் தூங்கியவன்தான்.

ஏப்ரல் 21
எழுத வரவில்லை. பாப்பாயி பிள்ளை.

ஏப்ரல் 22
எழுதிவிடுகிறேன். பையன் பெயர் சின்னண்ணன். குவியலின் ஓரத்தில் பள்ளம் பறித்து, தூங்கப் போட்டுவிட்டு மிஷினுக்குப் போயிருக்கிறாள். பரமத்தி வண்டிகள் மழைக்கு முந்தி வந்துவிட வேண்டும் என்று ஓடி வந்தன. வந்த வேகத்தில் பருத்தியை அதே குவியலில் கொட்டினார்கள். சீக்கிரம், சீக்கிரம் என்று கத்தினது யார்? நான்தான்.
பால் கொடுக்க வந்தவளுக்கு இடம் தெரியவில்லை. "இங்கதானே போட்டேன், இங்கதானே போட்டேன்" என்று இரண்டு கையாலும் பறித்தாள். மிஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் பறித்தோம். பருத்தி சரிந்து சரிந்து மூடிக்கொண்டே வந்தது. கடைசியில் எடுத்தது நான். சூடு இருந்தது — பருத்திச் சூடு.

ஏப்ரல் 24
இன்ஸ்பெக்டர் வருமுன் பேல்களை வெளியே எடுத்துப்போட்டு, எட்டுத் தூளியையும் கட்டிவைத்தோம். யார் சொல்லி? என் வாயால்தான்.
"அறை இருக்கும்போது பருத்தியில் ஏன் போட்டாய்?" என்று அவளைக் கேட்டார்.
பாப்பாயி என்னைப் பார்த்தாள். அவள் புருஷனுக்கும் இங்கேதான் வேலை, பாய்லரில். நான் சுவரில் இருந்த சீட்டைப் பார்த்தேன்.
"புத்தி கெட்டுப் போச்சுங்க, சாமி" என்றாள்.
தாயின் கவனக்குறைவு என்று எழுதினார். கீழே நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து நேராகவே விழுந்தது. அதுதான் இப்போது உறுத்துகிறது.

மே 3
சௌந்திரம் அறைச் சாவியைக் கேட்டாள். கொடுத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் அறைக்குக் கதவே இல்லை. ஆசாரியை வைத்துக் கழற்றி வீட்டுக் கொல்லைக்கு அனுப்பியிருக்கிறாள்.
"கதவு என்ன பண்ணுச்சு?" என்றேன்.
"இருந்தாப் பூட்டுவீங்க."
யாரோ ஒருத்தியின் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சௌந்திரம் சொன்னாள். நிமிரவில்லை. இனி அவள்தான் ஆயா. ஊர் பேசும். பேசட்டும்.

ஜூன் 12
பாப்பாயி வேலைக்கு வந்துவிட்டாள். தூளி அறைப் பக்கமாக வருவதில்லை, பாய்லரைச் சுற்றிக்கொண்டு வருகிறாள்.

1940 பிப்ரவரி 12
சீட்டைப் புதுப்பிக்க அதே இன்ஸ்பெக்டர் வந்தார். தூளிகளைப் பார்த்தார், பால் சொம்பைப் பார்த்தார். ரொம்பத் திருப்தி. போகிற போக்கில் நிலைப்படியில் நின்றார்.
"கதவு எங்கே? கதவில்லாத அறைக்கு எப்படி எழுதிக் கொடுப்பது? நாளைக்குள் மாட்டிவிடும்."
"மாட்ட முடியாதுங்க."
"ஏன்?"
சௌந்திரம் தூளியை ஆட்டுவதை நிறுத்தினாள்.
ஆமாம் சாமி, மாட்டிவிடுகிறேன் என்றால் தீர்ந்தது. நாற்பது வருஷமாக அப்படித்தான் தீர்த்திருக்கிறேன். ஆனால் வாயில் வேறு வந்தது. "அந்தப் பிள்ளை செத்த அன்னைக்கு இந்தக் கதவு பூட்டியிருந்துச்சுங்க. உள்ளே என் பேல். சாவி என் இடுப்புல."
மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். முதல் மிஷினில் நின்ற பாப்பாயிக்கும் கேட்கிற மாதிரி. "அவ மேல தப்பில்லீங்க."
மூடிய நோட்டுப் புத்தகத்தைத் திரும்பத் திறந்து எழுதினார். சுவரில் இருந்த சீட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார். மேலிடத்துக்கு எழுதுவாராம். பதில் வரும்வரை அரவை கிடையாது.
பாப்பாயி திரும்பவில்லை. கை மட்டும் சற்று நின்றது. பிறகு அடுத்த பிடிப் பருத்தியை அள்ளி மிஷினில் போட்டாள்.
மிஷின்களை நிறுத்தச் சொன்னேன். பெண்கள் முக்காட்டை உதறிக்கொண்டு கிளம்பினார்கள். வாசலில் சௌந்திரத்தின் குரல் கேட்டது: "நாளைக்குக் காடு கழனி வேலைக்குத்தானே போவீங்க? பிள்ளைகளை இங்க கொண்டாந்து உட்டுப் போங்க, சாமி."