நல்ல முழங்காலுக்குத் தைலம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கையும் இங்கே சுகமாக இருக்கிறோம். வழக்கமாக இந்த இடத்தில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புவதாக எழுதுவேன், இந்தத் தடவை நம்ப வேண்டிய வேலையே இல்லை, நீ எப்படி இருக்கிறாய் என்று நீயே ஆறு பக்கம் எழுதிவிட்டாய். அதைப் படித்தால் நான் அழுவேன் என்று தங்கை டம்ளரில் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றாள், எனக்கு அழுகை வரவில்லை, அப்பாடா என்று ஒரு பெருமூச்சுதான் வந்தது. பிள்ளை இப்படிக் கஷ்டப்பட்டிருக்கிறான் என்று படித்துவிட்டு எந்த அம்மாவாவது அப்பாடா என்பாளா என்று நீ கேட்கலாம். மூன்று மாதமாக நீ போனில் "நல்லா இருக்கேம்மா, வேலைதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாய், அதுவும் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற குரலில். கடைசியில் அந்தப் போனும் பத்து நாள் வரவில்லை. நான் நினைக்காதது எதுவும் பாக்கி இல்லை. பெரிய நோய், விபத்து, வேலை போய் தெருவில் நிற்கிறாய், எங்களுக்குச் சொல்லாமல் யாரையோ கட்டிக்கொண்டாய் என்றுகூட ஒரு வாரம் முழுக்க நினைத்து, வருகிற பெண்ணுக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டேன். இத்தனைக்கும் நடுவில், உனக்குப் பதற்றம், அதற்கு வைத்தியம் பார்க்கிறாய் என்று ஒரு நிஜம் கையில் கிடைத்தால் அப்பாடா என்றுதான் வரும்.

உன் ஆபீசில் பத்துப் பேர் வரைந்த கட்டட வரைபடங்களை இப்போது நான்கு பேர் வரைகிறீர்கள், அடுத்து யாரை அனுப்புவார்கள் என்று தெரியாமல் தினமும் போய் உட்காருகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு மீட்டிங் நடுவில் நெஞ்சை அடைத்து, விரலெல்லாம் மரத்து, லிஃப்டில் ஏறப் பயந்து ஏழு மாடியும் படியிலேயே இறங்கி, டாக்சி பிடித்துத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாயே, அந்த டாக்சியில் உன் பக்கத்தில் நான் இல்லையே என்பதை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. உடம்பெல்லாம் ஒயரை மாட்டிப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு குறையும் இல்லை, இது பதற்றம், இதையும் சரிசெய்யலாம் என்று சொன்ன டாக்டர் நன்றாக இருக்கட்டும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் போய்ப் பேசிவிட்டு வருகிறாயே, அந்த ஆலோசகர் அம்மாவும் நன்றாக இருக்கட்டும். வாயால் சொல்ல வராவிட்டால் வீட்டுக்கு ஒரு கடிதமாக எழுதிப் பாருங்கள் என்று சொன்னது அவர்கள்தானாமே.

நீ ஒன்றை மறைத்தாய், நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன், கேட்டால் சிரிப்பாய். உன் போன் வராத அந்தப் பத்து நாளில் எங்கள் தையல் கூடத்துக்கு ஒரு ஓட்டல் ஊழியர்களுக்கு அறுபது கோட்டு தைக்கிற ஆர்டர் வந்தது. வெட்டுகிற மேஜை என்னுடையது என்று உனக்குத் தெரியும். துணியை வெளிப்பக்கம் மேலாக அறுபது அடுக்கு விரித்து, மேலே கோட்டுக் கைக்கான அளவு அட்டையை இரண்டு தடவை வைத்து வரைந்து, மெஷின் கத்தியால் ஒரே வெட்டு. ஒரு தடவை வைத்த அட்டையை அடுத்த தடவை புரட்டி வைக்க வேண்டும், அப்போதுதான் ஒன்று வலது கை, ஒன்று இடது கை. முதல் வாரம் வேலைக்கு வருகிறவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. இருபத்திரண்டு வருஷம் வெட்டின நான் புரட்டாமல் வைத்துவிட்டேன். நூற்றிருபது கை, அத்தனையும் இடது கை. துணிக்கு வெளிப்பக்கம் உள்பக்கம் உண்டு என்பதால் திருப்பிப் போட்டும் சமாளிக்க முடியாது. எங்கள் மேற்பார்வைக்காரி, கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்குவதால் டேப் அக்கா என்போமே, அவள் வந்து இரண்டை எடுத்துப் பார்த்தாள், இன்னும் இரண்டை எடுத்தாள், அப்புறம் என்னைப் பார்த்து "அந்த ஓட்டல்ல வலது கையே இல்லாதவங்களா வேலை பாக்குறாங்க" என்று கேட்டாள். மேஜையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரிக்க ஆரம்பித்து அப்படியே அழுதுவிட்டேன். டேப் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, "நீ கடைசியா எப்ப சாப்பிட்ட" என்று மட்டும் கேட்டாள். எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது. பாதிக் கைகளைக் காலராகவும் பாக்கெட் மூடியாகவும் வெட்டிக்கொண்டோம், வலது கைகளுக்கு வேண்டிய துணியைக் கடையில் வாங்கிச் சரிக்கட்டினோம், அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

அன்றிலிருந்து டேப் அக்கா எனக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறாள், உனக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன், உன் ஆலோசகர் சொல்வதற்கு மாறாக இருந்தால் இதை விட்டுவிடு. காலையில் வந்ததும் கத்தியைத் தொடக்கூடாது, கால் மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டேனா என்று அவள் பார்த்த பிறகுதான் தொடலாம். மத்தியானம் மேஜையிலேயே தின்னக்கூடாது, வெளிப்படிக்கட்டில் உட்கார வேண்டும், போனை அவளுடைய டிராயரில் போட்டுவிட வேண்டும். முதல் இரண்டு நாள் கையை ஒடித்து வைத்த மாதிரி இருந்தது, மூன்றாம் நாள் எதிர்க் கட்டட ஜன்னலில் ஒருவர் தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் என்பது கண்ணில் பட்டது, இத்தனை வருஷம் அந்தச் செடியை நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் இரண்டு ஸ்டாப் முன்னாடியே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிறேன். படுக்கப் போகிறபோது செய்தி பார்ப்பதை விட்டுவிட்டேன், உலகம் நான் பார்க்காமலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மனசு ஓடத் தொடங்கினால், ஓடாதே என்று அதட்டுவதில்லை, பாத்திரம் கழுவுகிறேன், தண்ணீர் கையில் படுகிறதைக் கவனிக்கிறேன், கொஞ்ச நேரத்தில் அது தானே மெதுவாகிவிடுகிறது. இதெல்லாம் பெரிய வித்தை இல்லை, சின்ன வயதில் உங்கள் இருவருக்கும் நான் செய்ததுதான், வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம், கொஞ்சம் வெளிக்காற்று. எனக்கு நானே செய்துகொள்ளத்தான் தோன்றவில்லை. உனக்கும் தோன்றியிருக்காது, என் பிள்ளைதானே. நீயும் காலையில் ஒரு முட்டையாவது தின்றுவிட்டுக் கிளம்பு, வெறும் காப்பியில் ஓடாதே.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். வரச் சொன்னால் வந்துவிடுவாய் என்று தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. இருப்பதும் வருவதும் நீயும் உன் ஆலோசகரும் பேசி முடிவு செய்யுங்கள், இங்கே உன் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது, அதன் மேல் தங்கை துணியைக் குவித்து வைத்திருக்கிறாள், ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும்.

இனி அப்பா விஷயம். உன் கடிதத்தை அவரிடம் கொடுக்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன், உனக்குத்தான் தெரியுமே, தலைவலி என்று யார் சொன்னாலும் தூங்கினால் போய்விடும் என்கிற மனுஷர். கொடுத்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்தார், திரும்ப முதலிலிருந்து படித்தார், விரல் மரத்துப் போனதைப் பற்றி நீ எழுதின இடத்தில் கையை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "எனக்கும் இதேதான்" என்றார். என்ன இதேதான் என்றேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது, பெரிய பாலத்தின் மேல், வண்டி நிறைய ஆட்களோடு, நெஞ்சை அடைத்துக் கை மரத்துவிட்டதாம். ஓரமாக நிறுத்தி, இன்ஜின் சூடாகிவிட்டது என்று எல்லோரையும் இறக்கிவிட்டு, முன்மூடியைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாராம். யாரோ ஒரு பெரியவர் இன்ஜினுக்கு ஊற்ற ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தாராம், அதை இவர் குடித்துவிட்டாராம். செத்துவிடுவோம் என்று நினைத்தேன், இதயக் கோளாறு என்று தெரிந்தால் லைசன்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை என்றார். அடுத்த மாதமே முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்து டிப்போவில் நேரம் குறிக்கிற அறைக்கு மாறிவிட்டார். அந்த முழங்காலுக்கு ஒன்றுமே இல்லையாம். பத்தொன்பது வருஷமாக நான் ஒரு நல்ல முழங்காலுக்குத் தைலம் தேய்த்திருக்கிறேன். எனக்குக் கோபமும் வந்தது சிரிப்பும் வந்தது, கடைசியில் அவர் முகத்தைப் பார்த்து இரண்டையும் விட்டுவிட்டேன். இன்னும் அவ்வப்போது வருகிறதாம், வந்தால் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாராம். நாம் தண்ணீர் வீணாகிறது என்று வெளியே நின்று கத்தியிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு அவருக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். நான் வாங்கவில்லை, அவரே போன் செய்து வாங்கினார். அவன் போயிருக்கிறான் இல்லையா என்று மட்டும் சொன்னார்.

நல்லபடியாக இரு கண்ணா, சாப்பாட்டையும் வியாழக்கிழமையையும் விடாதே, நல்லா இல்லாத அன்றைக்கு நல்லா இல்லை என்றே சொல், நானும் அப்படியே சொல்கிறேன். உனக்கு எல்லாக் காலத்திலும் நிம்மதியான தூக்கமும் துணைக்கு ஆளும் கிடைக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், அப்பாதான் எடுப்பார். இந்தத் தாளில் கொஞ்சம் இடம் விடு, நானும் எழுத வேண்டும் என்று பேனாவோடு நிற்கிறார், விடுகிறேன்.

என்றும் உன் அன்பு
அம்மா

மகனுக்கு அப்பா. கடிதம் படித்தேன். முதல் நாள் அந்த டாக்டர் அறைக்குள் போகும்போது உனக்குப் பயமாக இருந்ததா. எனக்கு இப்போதே இருக்கிறது. உள்ளே போனதும் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை சொல், எழுதி வைத்துக்கொள்கிறேன்.