‘வா’ என்று கத்தியது

கோபித்துக்கொண்டிருக்கும் என் மகளுக்கு,

மூன்று நாளாக நீ என்னோடு பேசவில்லை. அதனால் எழுதுகிறேன். நானாகக் கற்ற எழுத்து, பிழை தேடாதே.

இரண்டு பஸ் மாறி உன்னை ஷ்வேப்யிதா மைதானத்துக்கு, பேஸ்பால் அரையிறுதிக்குக் கூட்டிப் போனவன் நான். நீ மூன்றாவது பேஸில் நின்றாய். பந்து தூரமாகப் போனதும், “ஓடி வா! வா, வா!” என்று கத்தினேன். வேறு எப்படிக் கத்துவது? பர்மாக்காரர் காதில் அது அவர்கள் மொழியில் ‘குண்டச்சி, குண்டச்சி’ என்று விழும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? கூட்டமே சிரித்தது. நீ பாதியில் நின்று என்னை முறைத்தாய். அவுட். பிறகு உன் அணியின் மா சூ அடித்ததால்தான் ஜெயித்தீர்கள்.

நடை பழகிய நாளிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் ஓடி வந்திருக்கிறாய். சிரித்தவர்களை விட்டுவிட்டு என்மேல் கோபம்!

“அப்பா வந்தா ஃபைனல் ஆட மாட்டேன்” என்று அம்மாவிடம் சொன்னாயாம். முட்டாள்தனம். நீ ஆட வேண்டும்.

அன்று திரும்பும் பஸ்ஸில் மா சூ என்னைக் காட்டி யார் என்று கேட்டாள். “எங்க தெரு மாமா” என்றாய், பர்மிய மொழியில். இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு அது புரியாதா? அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனலுக்கு வருவேன். உன் பஸ்ஸில் ஏறமாட்டேன், அடுத்ததில் வந்து எதிரணிப் பக்கம் உட்காருவேன். தெருக்காரனாகவே இருந்துகொள்கிறேன். ஆனால் தெருக்காரனுக்கும் வாய் இருக்கிறது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்