வீட்டுக்காரியின் பதில்

கொடிகாமம்,
12.07.2025

அன்புத் தங்கை பராசக்திக்கு,

அக்கா எழுதுவது. எனக்குச் சுகம். இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது. முழங்கால் எதற்கும் கட்டுப்படுவதில்லை. கனடாவில் நீங்கள் எல்லோரும் சுகமென்பது உன் குரலிலேயே தெரிந்தது. நீ அனுப்பிய குரற்பதிவை இரண்டு தடவை கேட்டேன். பதிலை நானும் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால், வாயால் சொன்னதைப் பிறகு 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்று மறுத்துவிடலாம் என்பதை உன்னிடம் கற்றுக்கொண்டேன். ஆகவே எழுதுகிறேன்.

உன் மகன் கஜீபனுக்குக் கல்யாணம் பொருந்தியதில் எனக்கு மகிழ்ச்சி. பெண் பண்டத்தரிப்பு என்றாய், படித்த பிள்ளை என்றாய், நல்லது. தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கு மாப்பிள்ளை வீட்டில் நடக்கவேண்டும். உன் சீதன வீட்டை விற்றுவிட்டுத்தான் நீ கனடா போனாய் என்பதால், நாம் பிறந்த இந்த வீட்டில் அதைச் செய்யக் கேட்கிறாய். இதுவரை நியாயம். அதற்குப் பிறகு நீ சொன்னதை உன் வார்த்தைகளிலேயே எழுதிவைக்கிறேன்: "அக்கா, குறை நினையாதேங்கோ. தர்சினியை அண்டைக்கு ஒருநாள் நெல்லியடியிலை மச்சாள் வீட்டை விடுங்கோவன். சபைக்கு முன்னாலை ஒரு கதை வரக்கூடாது."

அதாவது, மணமுறிவு பெற்ற என் மகள் மங்கல காரியத்தில் கண்ணில் படக்கூடாது. விதவையான என்னைப் பற்றி நீ எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே நான் பின்னால் போய் நிற்பேன் என்று எண்ணினாய் போலும்.

தர்சினி ஏன் நீதிமன்றப் படியேறினாள் என்பதை ஊர் மறந்தால் குற்றமில்லை. நீ மறக்கலாமா? சிவகரன் நீ பேசிக்கொண்டுவந்த சம்பந்தம். உன் கணவரின் ஒன்றுவிட்ட தமையனின் மகன். கல்யாணம் முடிந்து நாற்பதாம் நாள் கனடாவுக்குத் திரும்பிப்போனான். அவன் அவளைக் கனடாவுக்குக் கூப்பிட விண்ணப்பித்துவிட்டான் என்று மறுவருடம் நீ தொலைபேசியில், "ஸ்பொன்சர் நம்பர் வந்திட்டுது அக்கா, பிள்ளை வேலையை விடட்டும்" என்றாய். கணித ஆசிரியையாக ஒன்பது வருடம் பார்த்த அரசாங்க வேலை. இராஜினாமாக் கடிதத்தின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தவள் நான். பேராதனையில் பட்டம் பெற்றவளின் புத்தி அன்று அவ்வளவுதான். அந்தப் பிழை என்னுடையது. அதில் உனக்குப் பங்கு கேட்கவில்லை.

உன் பங்கு வேறு. மூன்று வருடங்களுக்கு முன் உன் பேத்தி கோபிகா பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்கு வீடியோவைப் பெருமையாக அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? மூன்றரை மணி நேர வீடியோவைக் கடைசிவரை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டாய். பதினொரு வருடமாகக் கணவன் கூப்பிடுவான் என்று காத்திருக்கும் பெண், கூட்டத்தின் ஓரத்தில் அவன் முகம் தெரியுமா என்று கடைசிவரை பார்ப்பாள். தெரிந்தது, ஓரத்தில் அல்ல, நடுவில். ஆராத்தி எடுக்க மாமனையும் மாமியையும் அழைத்தார்கள். சிவகரன் வந்தான், பக்கத்தில் ஒரு பெண் வந்தாள். தட்டை அவள் கையில் கொடுத்தவள் நீ. நாலு வயதுக் குழந்தையொன்று உன் சேலையைப் பிடித்து இழுத்து, தகப்பனின் தாயைக் கூப்பிடுவதுபோல "அப்பாச்சி" என்றது. ஒலி மிகத் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

குழந்தையின் வயதைக் கொண்டு பார்த்தால் உனக்கு ஐந்து வருடமாவது தெரிந்திருக்கவேண்டும். அந்த ஐந்து வருடத்திலும் ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுத்து, "ஓம் அக்கா, அலுவல் நடக்குது, பிள்ளையைப் பொறுமையா இருக்கச் சொல்லுங்கோ" என்றாய். அவன் ஏமாற்றியதற்கு ஒரு பெயர் உண்டு. சட்டத்தில் அதற்கு இடமும் உண்டு. நீ செய்ததற்கு நான் இன்னும் பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன். அவன் எங்களுக்கு அந்நியன். நாற்பது நாள் மருமகன். நீயோ, நான் தலை பின்னிவிட்ட பிள்ளை.

தர்சினி அந்த இடத்தை மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பிறகு, "அம்மா, சித்தி நல்லா மெலிஞ்சிட்டா" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் மாட்டுக்கு வைக்கோல் போட்டாள்.

அவளைப் பற்றி நீ எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பழைய வேலையைத் திரும்பக் கேட்டுப் போனாள். வயது நாற்பத்துமூன்று என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த கிழமை எங்கள் வளவுப் பலாப்பழங்களைச் சந்தைக்குக் கொண்டுபோனாள். நமசிவாயம் என்ற மொத்த வியாபாரி, "ரீச்சர், உது கணக்குப் புத்தகமில்லை, பிலாப்பழம். தட்டிப் பாக்கத் தெரியுமோ?" என்று சந்தை சிரிக்கக் கேட்டானாம். இவள், "தட்டிப் பாக்கத் தெரியாமத்தான் அண்ணை ஒருக்கா ஏமாந்தனான். இனித் தட்டாமல் ஒண்டும் எடுக்கமாட்டன்" என்றாளாம். இப்போது அவனே விலை சொல்லுமுன் இவள் முகத்தைப் பார்க்கிறான். நாற்பத்துநாலு வயதில் வாகனம் ஓட்டப் பழகினாள். முதல் மாதத்தில் நமது மதிலை இடித்தாள். மதிலையும் தானே கட்டுவித்தாள். இன்று தென்மராட்சிப் பலாப்பழமும் தேசிக்காயும் கிழமைக்கு இரண்டு லொறி கொழும்புக்கு அனுப்புகிறாள். தாவரவியல் படித்த நான் பலாவின் இலத்தீன் பெயரைச் சொல்வேன். எந்தக் காய் எந்த நாள் பழுக்கும் என்பதை அவள் சொல்வாள். போன தையில் மணமுறிவுத் தீர்ப்பு வந்த அன்றும் நீதிமன்றத்திலிருந்து நேரே சந்தைக்குத்தான் போனாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இந்த வீட்டை அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தார். நான் தர்சினிக்குச் சீதனமாக எழுதினேன். அந்த உறுதிப் பத்திரத்தில் சாட்சிக் கையொப்பம் உன்னுடையது. நேற்று எடுத்துப் பார்த்தேன். ஆக, வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேளாமல், அவளை வெளியே அனுப்பிவிட்டு வீட்டைத் தரும்படி, அவளோடு ஒண்டியிருக்கும் என்னிடம் கேட்டிருக்கிறாய். நான் என்றால் மறுத்திருப்பேன். அது என் அதிகாரத்தில் இல்லாததால், உன் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.

அவள் கையில் ஒட்டிய பலாப்பாலைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: "சித்தியை வரச்சொல்லுங்கோ அம்மா. கஜீபன் என்ன பிழை விட்டவன்? வடிவா பொன்னுருக்கட்டும். நெல்லியடிக்குப் போக எனக்கு நேரமில்லை. அண்டைக்கு வெள்ளிக்கிழமை, லொறி நாள். விடிய அஞ்சு மணிக்குச் சந்தைக்குப் போயிடுவன். பத்து மணிக்கு வீட்டை வந்திடுவன். முன்வாசலாலைதான் வருவன்."

நீ சொன்ன சுபநேரம் ஒன்பதரை முதல் பத்தரை. அதை மனத்தில் வைத்துத்தான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. அவள் கணித ஆசிரியை.

ஆகவே வருவதும் வராததும் இனி உன் முடிவு. வந்தால் வளவு கூட்டியிருக்கும், கிணறு இறைத்திருக்கும், உன் மகனுக்கு ஒரு குறையும் வராது. சபையில் யாராவது முகம் சுளித்தால் அவர்களுக்கு நான் பதில் சொல்வேன்; எனக்கு வயது எழுபத்தெட்டு, இனி யாரையும் சமாதானப்படுத்த அவசியமில்லை. நீ என்ன செய்கிறாய் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பத்து மணிக்கு அவள் உள்ளே வரும்போது கையெல்லாம் பிசுபிசுத்திருக்கும். எண்ணெய்ப் போத்தல் குசினி யன்னலுக்குக் கீழே, அம்மா வைத்த அதே தட்டில் இருக்கிறது. அத்தனை பேருக்கு முன்னால் நீ எழுந்துபோய் அதை எடுத்து வந்து அவள் கையில் ஊற்றவேண்டும். வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. அவளும் கேட்கமாட்டாள்.

கஜீபனும் வரப்போகும் பிள்ளையும் ஒருவரிடம் ஒருவர் எதையும் ஒளிக்காமல் நெடுங்காலம் வாழட்டும்.

உன் அக்கா,
சிவக்கொழுந்து இராசநாயகம்